மதிப்பெண் பட்டியலும் வாய்மையும்

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் எல்லாப் பாடங்களிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்ற குழந்தையின் வீட்டில் பேச்சு எளிதாக முடிந்துவிடும். எல்லாவற்றிலும் நடுத்தரமாகப் பெற்ற குழந்தையின் வீட்டிலும் செல்ல வேண்டிய வழி ஒருவாறு தெளிவாகவே இருக்கும். கணிதத்தில் 98, இயற்பியலில் 95, ஆங்கிலத்தில் 58 என்று ஏறியும் இறங்கியும் நிற்கும் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு, பல்லாயிரவர் போட்டியிடும் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் வாயிலை நோக்கும் குழந்தையின் வீட்டில்தான் தடுமாற்றம் தோன்றுகிறது. அந்த 58-ஐ என்ன செய்வது? அதைப் பற்றிப் பேசாமல் விடலாமா? அதற்கு ஒரு காரணம் சொல்லலாமா? காரணம் இல்லையென்றால் ஒன்றை உண்டாக்கிக் கொள்ளலாமா? அல்லது, இத்தகைய மதிப்பெண் உடையவர்க்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று ஒதுங்கிவிடுவதுதான் முறையா?

இவ்வினாக்களை இக்காலத்தில் பெரும்பாலும் உத்தி பற்றிய வினாக்களாகவே கருதுகின்றனர். எதைச் சொன்னால் இடம் கிடைக்கும் என்பதற்கு ஆலோசகர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குக் கட்டணமும் உண்டு. ஆயினும் இவை அடிப்படையில் ஒழுக்கம் பற்றிய வினாக்கள் என்பதே என் எண்ணம். பதினேழு அல்லது பதினெட்டு வயதில் ஓர் இளைஞர் தம்மைப் பற்றித் தாமே ஒரு பொது நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லும் முதற் கூற்று பெரும்பாலும் கல்லூரி விண்ணப்பமே. தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்லும் முதற் சொல் மெய்யாக அமைவதும் பொய்யாக அமைவதும் சிறிய செய்தி அன்று.

மதிப்பெண் எதைச் சொல்கிறது?

ஆசிரியப் பயிற்சியில் தேர்வுகளைப் பற்றிக் கற்பிக்கும்போது இரண்டு சொற்களை வலியுறுத்துவார்கள். ஒன்று நம்பகத்தன்மை, அதாவது, அதே மாணவரை அதே போன்ற தேர்வால் மீண்டும் அளந்தால் ஏறக்குறைய அதே அளவு கிடைக்குமா என்பது. மற்றொன்று ஏற்புடைமை, எதை அளக்க எண்ணினோமோ அதைத்தான் அத்தேர்வு அளந்ததா என்பது. இவ்விரண்டும் முழுமையாக அமைந்த தேர்வு எங்கும் இல்லை. அளவுகோலுக்கே சிறிது ஆட்டம் உண்டு என்பதை அறிந்துதான் ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். வீட்டுக்கு வந்து சேரும் தாளில் அந்த ஆட்டம் தெரிவதில்லை. எண் மட்டுமே தெரிகிறது.

மொத்த மதிப்பெண் இன்னொன்றையும் மறைக்கிறது. தமிழ்நாட்டு மேனிலைத் தேர்வில் 2019 முதல் ஆறு பாடங்களுக்கும் சேர்த்து 600 மதிப்பெண். ஒரு மாணவி ஆறு பாடங்களிலும் எண்பது எண்பதாக 480 பெறுகிறாள். மற்றொருத்தி மூன்று பாடங்களில் 100, பிறவற்றில் 80, 60, 40 என்று அதே 480 பெறுகிறாள். கூட்டுத்தொகை ஒன்றே. ஆனால் இவ்விருவரும் ஒரே வகையான மாணவியர் அல்லர் என்பதை அறிய ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. முதலாமவளிடம் சீரான உழைப்பு தெரிகிறது. இரண்டாமவளிடம் ஏதோ ஒரு துறையில் ஆழ்ந்த பற்றும், வேறொன்றில் ஏதோ ஒரு தடையும் தெரிகின்றன. எவள் சிறந்தவள் என்று கேட்டால், எதற்குச் சிறந்தவள் என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான மறுமொழி.

2021-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றால் மேனிலைப் பொதுத்தேர்வுகள் நீக்கப்பட்டன. தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடும், பதினோராம் வகுப்புக்கு 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றுக்கு 30 விழுக்காடும் கொடுத்து மதிப்பெண்களைக் கணக்கிட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. அதே ஆண்டில் 30, 30, 40 என்ற விகிதத்தைக் கைக்கொண்டது. விரிவான விதிகளை விடுத்து, இவ்விரு விகிதங்களையும் மட்டும் இரண்டு கற்பனை மாணவர்க்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதல் மாணவன் மூன்று வகுப்புகளிலும் முறையே 90, 60, 80 பெற்றவன். இரண்டாமவன் 60, 80, 90 என்று படிப்படியாக உயர்ந்தவன். தமிழக விகிதப்படி முதலாமவனுக்கு 81, இரண்டாமவனுக்கு 73. சி.பி.எஸ்.இ. விகிதப்படி முதலாமவனுக்கு 77, இரண்டாமவனுக்கு 78. மாணவர்கள் மாறவில்லை, அவர்கள் படித்ததும் மாறவில்லை. விதி மாறியவுடன் முந்தியவன் பிந்தியவன் ஆனான். எந்த விதி சரி என்று நான் வழக்காட வரவில்லை. இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஏற்றத்தாழ்வு உடைய மாணவனின் இடம், அவனால் மட்டுமன்றி அவனை அளக்கும் விதியாலும் அமைகிறது என்பதையே சுட்ட விரும்புகிறேன்.

சல்லடையின் கண்கள்

இதனால் கல்வி நிறுவனங்கள் அநீதி இழைக்கின்றன என்று கூறிவிடலாகாது. நூறு இடங்களுக்கு ஆயிரவர் வந்து நிற்கும்போது ஏதேனும் ஒரு சல்லடை வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சல்லடைக்கும் கண்ணின் அளவு வேறு, அவ்வளவே.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வை எடுத்துக் கொள்வோம். 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையை அமைக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்ற மதிப்பெண் இந்த 200-க்குள் வருவதில்லை. ஆங்கிலத்தில் 58 பெற்றதற்காக உறக்கமிழந்த மாணவனை இச்சல்லடை அதற்காகத் தடுப்பதே இல்லை. அதே மாணவன் இயற்பியலில் 58 பெற்றிருந்தால் கதை வேறு. இன்னொன்றும் உண்டு. ஒரே கட் ஆஃப் பெற்றவர்களை வரிசைப்படுத்தப் பல படிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றிலும் வேறுபாடு தோன்றாதபோது ரேண்டம் எண் எனப்படும் எண்ணைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவர்க்கும் கணினி கொடுக்கும் எண் அது. அளக்கும் கோல் எங்கே தீர்ந்துபோகிறதோ அங்கே குலுக்கல் தொடங்குகிறது என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொள்வதாக நான் இதைக் கருதுகிறேன். இதில் ஒரு நேர்மை இருக்கிறது.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் சில 2021-இல் சில பாடப்பிரிவுகளுக்கு முதற் பட்டியலிலேயே 100 விழுக்காடு கேட்டன. ஒரே ஒரு பாடத்தில் சறுக்கிய மாணவருக்கு அங்கே அப்போது வழி இல்லை. மறு ஆண்டே, 2022-இல், அப்பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியது. ஓராண்டு முன்னே பிறந்த அக்காளுக்கு மூடியிருந்த கதவு, அதே வகை மதிப்பெண் பெற்ற தங்கைக்கு வேறொரு சாவியால் திறந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் அறிந்து கொள்வதால் விளையும் முதற் பயன் நடைமுறை சார்ந்தது. குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சுமுன், விண்ணப்பிக்கும் நிறுவனம் அதை எண்ணிப் பார்க்கிறதா என்பதை விதிமுறை நூலில் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டும். இரண்டாம் பயன் மனத்தைச் சார்ந்தது. சல்லடையில் நின்றதும் விழுந்ததும் ஒருவருடைய முழுத் தகுதியைப் பற்றிய தீர்ப்பு ஆகா.

மூன்று பொய்கள்

எண்களை மட்டும் கேட்கும் நிறுவனங்களில் மாணவர் விளக்கம் சொல்ல இடமில்லை. ஆனால் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும், நம் நாட்டிலும் நேர்காணலும் தன்விளக்கக் கட்டுரையும் கேட்கும் நிறுவனங்கள் சிலவும், 'உன்னைப் பற்றிச் சொல்' என்கின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகளுள் இவற்றுக்கு விண்ணப்பிப்போர் பெருகி வருகின்றனர். ஏற்றத்தாழ்வான பட்டியலை உடையவர்க்கு இது வாய்ப்பும் ஆகும், சோதனையும் ஆகும். இங்கே மூன்று வகையான பொய்கள் காத்திருக்கின்றன.

முதலாவது, மறைத்தல். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பு, எழுதிய தேர்வுகள் அனைத்தையும், தேறாதவை உட்பட, குறிப்பிடுமாறு கேட்கிறது. குறைந்த மதிப்பெண் பெற்ற தேர்வை எழுதவே இல்லை என்பது போல விட்டுவிடுவது பொய். ஆனால் பட்டியலில் உள்ளதை உள்ளவாறு கொடுத்துவிட்டு, அதைப் பற்றித் தனியே ஒன்றும் எழுதாமல் இருப்பது பொய்யாகாது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் தெளிவாக உணர்த்த வேண்டும். வாய்மை என்பது கேளாத குற்றங்களையெல்லாம் பறைசாற்றுவது அன்று. காண வேண்டியவர் காணும்படி தாளைத் திறந்து வைத்தாயிற்று. அதற்குமேல் பேசுவதும் பேசாதிருப்பதும் அவரவர் உரிமை.

இரண்டாவது, புனைதல். இதுவே மிகக் கொடியது. இல்லாத நோயைச் சொல்லிச் சான்றிதழ் வாங்குவது, நேராத துயரத்தை எழுதுவது, கூலிக்கு எழுதுபவரைக் கொண்டு உருக்கமான கட்டுரை எழுதச் செய்வது ஆகியன இதன் வகைகள். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிப்பட்ட சேர்க்கை முறைகேட்டை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். செல்வமும் புகழும் உடைய பெற்றோர் பலர், தம் பிள்ளைகளைப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் சேர்க்க ஒரு தரகருக்குப் பெருந்தொகை கொடுத்தனர். விளையாடாத விளையாட்டில் வீரர் என்று சிலரைக் காட்டினர். கற்றல் குறைபாடு இருப்பதாகப் பொய்ச் சான்று பெற்றுத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கி, அதைக் கொண்டு விடைகளைத் திருத்தும் சூழ்ச்சியும் நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டனர். பெற்றோர் சிலர் சிறைக்கும் சென்றனர்.

இதில் பாதிக்கப்பட்டவர் யார்? முதலில், அந்த இடத்தைப் பெற்றிருக்க வேண்டிய, பெயர் தெரியாத ஒரு குழந்தை. அடுத்து, உண்மையிலேயே எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க இயலாது வருந்தும் குழந்தைகள். பொய்ச் சான்றுகள் பெருகப் பெருக, அவர்களுடைய மெய்ச் சான்றுகளும் ஐயத்துடன் பார்க்கப்படும். மூன்றாவதாக, யாருக்காக இதெல்லாம் செய்யப்பட்டதோ அப்பிள்ளைகள். அவர்களுள் சிலர்க்குப் பெற்றோர் செய்தது தெரியவே தெரியாது. 'நீ இருக்கிறபடி போதாய்' என்று தன் தாயும் தந்தையும் எண்ணினர் என்பதைச் செய்தித்தாளைப் பார்த்து அறிந்து கொள்வதைவிடப் பெரிய தண்டனை ஒரு பிள்ளைக்கு வேறென்ன இருக்க முடியும்?

மூன்றாவது பொய்யைப் பலரும் பொய்யென்றே கருதுவதில்லை. அது தன்னைத் தாழ்த்திக் கொள்ளும் பொய். 'எனக்கு மொழியே வராது', 'என் அறிவு அவ்வளவுதான்' என்று ஒரே ஒரு தேர்வின் எண்ணைத் தன் இயல்பாக ஏற்றுக் கொள்வது. பணிவு போலத் தோன்றுவதால் இது நல்லொழுக்கமாகவும் பாராட்டப்படுகிறது. ஆனால் 58 என்பது ஒரு மார்ச் மாதக் காலையில் சில மணி நேரம் எழுதிய தாளுக்கு இட்ட எண். அதைப் பதினெட்டு ஆண்டு வாழ்ந்த ஒருவரின் எல்லையாக ஆக்குவது, அந்த எண் சொல்லாத ஒன்றை அதன் வாயில் புகுத்துவதாகும். உள்ளதைக் குறைத்துச் சொல்வதும் உள்ளதைக் கூட்டிச் சொல்வதைப் போலவே மெய்க்கு மாறானது.

காரணமும் சாக்கும்

காரணம் உண்மையாகவே இருக்குமானால் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். தந்தையார் மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் வீட்டையும் தம்பியையும் கவனித்த பெண்ணின் அரையாண்டுத் தேர்வு சரிந்ததென்றால், அதைச் சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் காரணத்துக்கும் சாக்குக்கும் இடையே கோடு உண்டு. அதைக் காண மூன்று வினாக்கள் உதவும்.

நான் சொல்வதை எவரும் சரிபார்க்கப் போவதில்லை என்று தெரிந்தாலும் இதையேதான் எழுதுவேனா? இது முதல் வினா. ஆசிரியர் சரியில்லை, திருத்தியவர் கண்மூடித் திருத்தினார் என்று, எனக்கு உறுதியாகத் தெரியாத பழியை வேறொருவர் மேல் ஏற்றுகிறேனா? இது இரண்டாவது. அக்காரணம் நீங்கியபின் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல என்னிடம் ஏதேனும் இருக்கிறதா? இது மூன்றாவது. மூன்றுக்கும் நேரிய விடை கிடைத்தால் இரண்டு வரிகளில் எழுதி முடித்துவிடலாம். மெய்யான காரணத்துக்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

பெரும்பாலான குறைந்த மதிப்பெண்களுக்குப் பின்னே கதை எதுவும் இல்லை என்பதையும் மறக்கலாகாது. அப்பாடத்தில் விருப்பம் இல்லை, படிக்கவில்லை, அவ்வளவே. நேர்காணலில் கேட்டால், 'அப்பாடத்துக்கு உரிய உழைப்பை நான் கொடுக்கவில்லை' என்று ஒரு மாணவர் அமைதியாகச் சொல்ல முடிந்தால், அவர் கற்கத் தகுதியானவர் என்பதற்கு அதுவே ஒரு சான்று. தன் குறையை மிகைப்படுத்தாமலும் குழைக்காமலும் சொல்லத் தெரிந்தவரைத் திருத்துவது எளிது என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

சில காரணங்களை மாணவர் தாமே சொல்வது முறையாகாது. ஆசிரியர்தாம் சொல்ல வேண்டும். பள்ளியில் அரையாண்டுக் காலம் கணித ஆசிரியரே இல்லை என்பதைப் பிள்ளை சொன்னால் சாக்காகத் தோன்றும்; தலைமையாசிரியர் சொன்னால் செய்தியாக நிற்கும். யூகாஸ் விண்ணப்பத்தில் ஆசிரியர் தரும் பரிந்துரையில், மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைக் குறிக்கத் தனிப்பகுதியே வைத்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், பதினாறு வயதுத் தேர்வில் பெற்ற தரங்களை அம்மாணவர் படித்த பள்ளியின் பொதுநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. தமிழகத்தில் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததற்கும் அடிப்படை இதுவே. ஒரே எண் வெவ்வேறு மண்ணில் விளையும்போது அதன் பொருளும் வேறாகிறது. நிலத்தைப் பாராமல் விளைச்சலை மட்டும் பார்ப்பவர் நல்ல உழவர் ஆகார்.

சென்னையிலிருந்து சென்ற ஒரு விண்ணப்பம்

ஏற்றத்தாழ்வான மதிப்பெண் என்றதும் கணிதமேதை இராமானுஜனின் பெயரை எல்லாரும் சொல்வர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 'இராமானுஜனே தோற்றவர்தாமே' என்று சொல்லித் தோற்ற பிள்ளையைத் தேற்றுவது வழக்கமாகிவிட்டது. இது அன்பால் சொல்லும் சொல்லே. ஆயினும் இதிலும் சிறிது பொய் கலந்திருக்கிறது. தோற்றமையால் அவர் பெரியவர் ஆகவில்லை. தோல்விக்குப் பின்னும் விடாது செய்த பணியால் பெரியவர் ஆனார்.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜின் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உலகில் எழுதப்பட்ட விண்ணப்பங்களுள் மிகப் புகழ்பெற்றதாக அதைக் கொள்ளலாம். அதன் தொடக்கத்திலேயே தாம் ஓர் எழுத்தர் என்பதையும், தம் ஆண்டு வருவாய் எவ்வளவு என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட்டார். அழுகை இல்லை, பழி சுமத்தல் இல்லை. அடுத்து, பள்ளியை விட்டபின் ஓய்வு நேரத்தில் தாம் செய்த பணியைக் கூறி, பல பக்கங்கள் நிறையத் தேற்றங்களை இணைத்து அனுப்பினார். குறைக்கு ஒரு வரி. பணிக்குப் பல பக்கம். விண்ணப்பம் எழுதும் எவரும் கற்க வேண்டிய அளவு அது.

அக்கடிதத்தில் தமக்கு வயது ஏறக்குறைய 23 என்று எழுதியிருந்தார். 1887 டிசம்பரில் பிறந்த அவருக்கு அப்போது 25 முடிந்திருந்தது. பெரியோர் வாழ்விலும் கணக்கு ஒத்து வராத இடங்கள் உண்டு. ஆயினும் அவருக்குக் கதவைத் திறந்தது அந்த வயது அன்று, இணைத்திருந்த தேற்றங்களே.

அவற்றைப் படித்தவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஹார்டி தாமே கேம்பிரிட்ஜின் டிரைப்பாஸ் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். ஆயினும் அத்தேர்வு முறையைக் கடுமையாகக் குறைகூறியவர். பட்டம் இல்லாத எழுத்தர் ஒருவரின் தாள்களைத் தூக்கி எறியாது, லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகமும் அதே 1913-இல், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விண்ணப்பிப்பவருக்கு உண்மையாக எழுதும் கடமை இருப்பது போல, பெறுபவருக்கு உண்மையாகப் படிக்கும் கடமையும் உண்டு. இவ்விரண்டும் சந்தித்தமையால்தான் 1918-இல் அவர் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆக முடிந்தது.

மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம்

இதுவரை நிறுவனத்தையும் மாணவரையும் பற்றிச் சொன்னேன். இனி நம் இல்லங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரே வகையான ஏற்றத்தாழ்வு மகனிடமும் மகளிடமும் தோன்றும்போது நாம் ஒரே மாதிரி படிக்கிறோமா? மகன் ஒரு பாடத்தில் சறுக்கினால், 'விளையாட்டுப் பிள்ளை, மூளை இருக்கிறது, கவனம்தான் இல்லை' என்கிறோம். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தேடுகிறோம். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் தடைசெய்த நன்கொடையைக் கொடுக்கவும் சிலர் துணிகின்றனர். மகள் அதே பாடத்தில் அதே அளவு சறுக்கினால், 'இவளுக்கு இது போதும். பக்கத்துக் கல்லூரியில் ஏதேனும் ஒன்றைப் படிக்கட்டும்' என்கிறோம். அவனுடைய குறைந்த மதிப்பெண் தற்செயலாகிறது. அவளுடைய குறைந்த மதிப்பெண் தீர்ப்பாகிறது. முன்னர்ச் சொன்ன பொய்களுள் புனைவை மகனுக்கும் தாழ்வை மகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறோம்.

மகள் விண்ணப்பிக்கட்டும். கிடைக்காமல் போகலாம், அது நிறுவனத்தின் முடிவாக இருக்கட்டும். நிறுவனம் சொல்லுமுன்னரே 'இல்லை' என்று சொல்லும் வேலையை வீடு ஏற்றுக் கொள்ள வேண்டாம்.

'ஊரெல்லாம் பொய் எழுதும்போது நம் பிள்ளை மட்டும் மெய் எழுதி இடத்தை இழக்க வேண்டுமா?' என்று கேட்பவர் உண்டு. நேர்மையான வினா இது; நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். ஆம், சில வேளைகளில் இழக்க நேரும். மெய் சொன்னவர்க்கே எப்போதும் வெற்றி என்று பிள்ளைகளிடம் சொல்வதும் ஒரு பொய்தான். ஆனால் பொய்யால் பெற்ற இடம் ஒரு நாளோடு முடிவதில்லை. தன்னிடம் இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டிச் சேர்ந்தவர், அந்த ஆற்றலை ஆண்டுக் கணக்கில் நடித்துக் காட்ட வேண்டியிருக்கும். மெய் எழுதி இடம் பெற்றவரோ, தம் குறையை அறிந்தே தம்மை ஏற்றுக் கொண்ட ஓர் இடத்துக்குச் செல்கிறார். அங்கே அவர் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. கற்க வேண்டியதே இருக்கும். இடம் கிடைக்காதவர்க்கும் அந்த ஆங்கிலத்தை இனியேனும் கற்றுக் கொள்ளும் வழி மூடிவிடுவதில்லை.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒருமுறை பிள்ளையை அருகில் அமர்த்தி, முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், 'இதில் எழுதியிருப்பது நீதானா? உன்னைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ எதுவும் இதில் இருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தயங்கும் வரியைத் திருத்துங்கள். தயங்காமல் 'நான்தான்' என்று சொல்லுமானால் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.